எட்டுக்குள் எழுந்து நிற்கப் பழகியவன்

குத்துச்சண்டையில் ஜெயித்தது நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கைப்பேசியில் காணொளி இருக்கிறது. நான்காவது சுற்றில் என் எதிராளி, சரவாக் மாநிலத்துக்காரனின் வலது கை என் இடது காதுக்கு மேலே இறங்குகிறது. நான் சரிந்து விழுகிறேன். நடுவர் எண்ணுகிறார். எட்டு வருவதற்குள் எழுந்து, இரண்டடி முன்னே வந்து, முஷ்டிகளைத் தாடைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் மேலும் இரண்டு சுற்று ஆடி, புள்ளிக் கணக்கில் வென்று, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தது வரைதான் என்னுடையது. அதற்குப் பிறகு என் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவன் யாரென்று எனக்குத் தெரியாது.

இதை மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஓர் அரசு மருத்துவமனையின் வார்டில், கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். இது இரண்டாவது முறை. முதல் முறை வந்தபோது எழுதும் நிலையில் நான் இல்லை. கையுறை மாட்டுகிற தம்பிகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்கள் படிக்க மாட்டார்கள், தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்களாவது படிக்கட்டும்.

எங்கள் ஜிம் தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் ரவி மச்சான், என் மனைவி யோகேஸின் அண்ணன். நான் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வேலை முடிந்தால் நேரே ஜிம்முக்குப் போய்விடுவேன். நூறு கிலோவைத் தாண்டியவன் என்பதால் அங்கே என் பெயர் காஜா. மலாயில் யானை. என் உண்மையான பெயர் குணசேகரன் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஹெவிவெயிட்டுக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. எடை குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டாம், தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கை நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் எதிரே நின்று பயிற்சி கொடுக்க ஆள் கிடைக்காது. ஜொகூர் முழுக்கத் தேடினாலும் என் அளவு உடம்போடு குத்துச்சண்டை பழகியவர்களை ஒரு காருக்குள் அடைத்துவிடலாம். அதனால் மச்சான் ஒரு வழி செய்தார். சின்ன உடம்புப் பையன்கள் மூன்று பேர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவராக மாறி மாறி வந்து என்னைக் குத்துவார்கள். நான் களைத்துப்போவேன், வருகிறவன் புத்தம் புதிதாக இருப்பான். மூச்சு நன்றாகத்தான் பழகியது. ஆனால் அவர்கள் குத்து கொசுக்கடி. ஒரு முழு ஆம்பிளையின் பாரம் கழுத்தில் சாய்ந்து அழுத்தினால் எப்படி இருக்கும் என்பதை என் உடம்பு பழகவேயில்லை. சண்டையன்று இரண்டாவது சுற்றிலேயே அந்தச் சரவாக்காரன் என் மேல் சாய்ந்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதுபோல் இருந்தது.

தோள் வேறு. பயிற்சி நடுவில் தொங்கவிட்டிருக்கும் கனமான மூட்டையைக் குத்தும்போது இடது தோளில் ஏதோ பிடித்து இழுத்தது. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் கண்ணில் நீர் வரும். ஆற விட்டிருக்க வேண்டும். சண்டைக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. நான் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு ஆடினேன். இடது கையைத் தாழ்வாக, இடுப்பருகே வைத்துக்கொண்டு அங்கிருந்து மேலே வீசுவது என்று மச்சான் ஆட்டத்தையே மாற்றினார். காயத்துக்கு ஏற்ற ஆட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வலதுகைக்காரன் ஒருவன் எதிரே நிற்கும்போது இடது கையைத் தாழ்த்துவது, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி.

அடுத்து, இந்தக் கதைக்கே காரணமான பயிற்சி. அதை நாங்கள் 'எட்டு' என்போம். மூன்று சுற்று விடாமல் மூட்டையைக் குத்த வேண்டும். மூச்சு வாங்கும்போதே மச்சான் தோளைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றி விடுவார். தலை கிறுகிறுத்து மெத்தையில் விழுந்ததும் எண்ண ஆரம்பிப்பார். எட்டுக்குள் எழ வேண்டும். முஷ்டி தாடைக்கு வர வேண்டும். இரண்டடி முன்னே வந்து அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் நடுவர் மாதிரி மலாயில் கேட்பார். பேர் என்ன? எங்கே இருக்கிறாய்? இன்று என்ன கிழமை? ஆட முடியுமா? பதில்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. குணா. ஜே.பி., அதாவது ஜொகூர் பாரு. சப்து, சனிக்கிழமை. சண்டைகள் எல்லாம் சனிக்கிழமைதான். கடைசியாக, போலே. முடியும்.

"நடுவர் ஒன் மனச பாக்க மாட்டான் மாப்ள. கையும் காலும் வாயும் சரியா இருக்கான்னுதான் பாப்பான். மண்ட பறந்துபோனாலும் இந்த மூணும் தானா வேல செய்யணும்" என்பார் மச்சான்.

நாங்கள் எல்லோரும் அதைப் பழகினோம். செவ்வாய்க்கிழமை பழகும்போதும் சப்து என்றே சொல்லுவோம். பத்து எண்ணும்வரை எழாவிட்டால் மணி அடித்துவிடுவார்கள், ஆள் தோற்றான். எங்கள் ஜிம் ஆட்களில் ஒருவன்கூடப் படுத்த வாக்கில் பத்து எண்ணிக் கேட்டதில்லை என்பது எங்களுக்குப் பெரிய பெருமை. கீழே விழுந்திருக்கிறோம், அதை மறைக்கவில்லை. பத்து என்ற எண் எப்படிக் கேட்கும் என்று மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது.

சண்டை முடிந்த வாரம் தலைவலி இருந்தது. அடிபட்டால் வலிக்காதா என்று விட்டுவிட்டேன். காலையில் எழும்போது அதிகம், மத்தியானம் கொஞ்சம் குறையும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்டைத் தப்பான வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். வீட்டில் ரொட்டிச் சானாயைப் பிய்த்து வாய்க்குக் கொண்டு போகும் வழியில் இடது கையிலிருந்து நழுவியது. எங்கள் மகள் தர்ஷினி அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"தல இன்னும் வலிக்குதா?" என்று யோகேஸ் கேட்பாள்.

"ஓகே லா."

"ஓகேனா என்னா ஓகே? வலிக்குதா இல்லியா?"

"அலமாக், ஓகேனா ஓகேதான்!"

இனி வருவது அவள் சொன்னது. எனக்கு நினைவில்லை. அடுத்த சனிக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேனாம். எழுப்பினால் வாந்தி. அவள் என்னை வாடகைக் காரில் தள்ளி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தாள். நுழைவாயில் முகப்பில் தாதி கேட்டபோது நான் நிமிர்ந்து நின்று, கொஞ்சம் தலைவலி, மற்றபடி ஓகே என்றேனாம். நான் நிற்கிற நிற்புக்கும் என் உடம்புக்கும் என்னை யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். பச்சை நிறச் சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பச்சை என்றால் காத்திருக்கலாம் என்று அர்த்தம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஏமாற்றத்தான் நான் மாதக்கணக்கில் பழகியிருந்தேன்.

அந்தக் காத்திருப்புக் கூடத்தைப் பற்றி யோகேஸ் சொல்லும்போது இப்போதும் அவள் குரல் மாறும். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஒரு தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி. பக்கத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு குடும்பம். நான் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டேனாம். வழக்கமான குறட்டை இல்லை, தொண்டைக்குள் ஏதோ அடைத்த மாதிரி ஒரு குறட்டை. அவள் எழுப்பிப் பார்த்தாள். கண்ணைத் திறந்து "ஓகே" என்றுவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன். அவள் முகப்புக்குப் போய் இரண்டு முறை சொன்னதும் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர் வந்து உள்ளே அழைத்துப் போனார்.

தலையில் அடிபட்டவர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். கண் திறப்பதற்கு, பேசுவதற்கு, கை கால் அசைப்பதற்குத் தனித்தனியாக. மொத்தம் பதினைந்து. அந்த டாக்டர் என் கண்ணில் விளக்கு அடித்தார். பேர் கேட்டார். குணா. எங்கே இருக்கிறீர்கள் என்றார். ஜே.பி. இன்று என்ன கிழமை என்றார். சப்து. எல்லாம் சரி, ஏனென்றால் அன்று சனிக்கிழமைதான். என் விரலை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். வலுவிழந்திருந்த என் இடது கையே ஒரு சாதாரண ஆளின் கையைவிடப் பலம். அந்தப் பெண் விரலை உதறிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்காதவன், சாவு பக்கத்தில் வந்து நின்றபோது பதினைந்துக்குப் பதினைந்து வாங்கினேன்.

யோகேஸ் கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதாவது எனக்குச் சாப்பாடு கொண்டு ஜிம்முக்கு வருவாள். அந்தச் சுற்றலையும் விழுதலையும் கேள்வி பதிலையும் பார்த்து, "பெரிய ஆளுங்க, கிண்டர்கார்டன் மாதிரி ஒப்பிக்கிறீங்க" என்று கேலி செய்திருக்கிறாள். இப்போது அதே வரிசையில், அதே ராகத்தில், குணா, ஜே.பி., சப்து. நான் ஒப்பிக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டதாம்.

அவள் டாக்டரைத் தாண்டி என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"என்னாங்க, காலைல என்னா சாப்டீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். அடுத்த கேள்விக்கு டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"நான் யாரு? என் பேரு என்னா? சொல்லுங்க!"

நான் கட்டிலிலிருந்து இறங்கினேனாம். முஷ்டி இரண்டும் தாடைக்கு வந்தன. இரண்டடி முன்னே வந்து அவள் கண்ணுக்குள் பார்த்து, "போலே" என்றேன்.

"டாக்டர்!" என்று அவள் கத்தியது வெளிக்கூடம் வரை கேட்டிருக்கிறது. "இது இவுரா பேசல டாக்டர்! இது டிரெய்னிங்! வேற ஏதாச்சும் கேளுங்க!"

டாக்டர் கேட்டார். மகள் பெயர். வீட்டுத் தெரு. எல்லாவற்றுக்கும் நான் போலே என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். தள்ளுகட்டிலில் ஓட்டிக்கொண்டு போய் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்துத் தலையைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிற இயந்திரம் அது. அறுவை மருத்துவர் யோகேஸை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு அடியில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து, ஒரு வாரமாகக் கசிந்து தேங்கியிருக்கிறது. அடி விழுந்தது இடது பக்கம், ரத்தம் தேங்கியது வலது பக்கம். குத்து விழுந்த வேகத்தில் மூளை உள்ளேயே ஆடி எதிர்ச்சுவரில் மோதியிருக்கிறது. வலது மூளைதான் இடது கை காலை ஆட்டுவிக்கிறது என்பதால் ரொட்டி நழுவியிருக்கிறது. தோளுக்கு நான் விழுங்கிய மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதமாக்கும் வகை, அதுவும் சேர்ந்துகொண்டது என்றார். மண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து வடிக்க வேண்டும். உடனே.

"பொழச்சிக்குவாரா?" என்று யோகேஸ் கேட்டிருக்கிறாள்.

"நேரத்தோட வந்தீங்க. ஆனா எப்படி எழுந்திரிப்பாருன்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றாராம் அவர். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எனக்குத் திரும்ப நினைவு வந்தபோது என் இரண்டு கைகளிலும் கையுறை இருந்தது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று நோயாளிகளின் கையில் பஞ்சு வைத்த தடிமனான உறையை மாட்டி மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள். எனக்கு அது தெரியாது. கண்ணைத் திறந்தால் கையில் கையுறை, தலைக்கு மேலே வெள்ளை விளக்கு, காதுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று ஒழுங்காகக் கத்திக்கொண்டிருக்கிறது. மருந்து இறங்குகிற கருவியின் ஓசை. நான் அதை எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் முஷ்டி இரண்டும் தாடைக்கு வந்தன, எழ முயன்றேன். இரண்டு தாதிகள் ஓடிவந்து அமுக்கினார்கள். எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. சண்டை இன்னும் முடியவில்லை என்றே நினைத்திருந்தேன். காணொளியில் இருக்கிற அவன்தான் உள்ளே இருந்தான். நான் எங்கோ மெத்தைக்கு அடியில் கிடந்தேன்.

பயம் என்றால் அதுதான் பயம். எதிராளியைப் பார்த்து நான் பயந்ததில்லை. என் சொந்தக் கை நான் சொல்லாமல் எழும்புவதைப் பார்த்துப் பயந்தேன். தெளிந்த பிறகும் அது போகவில்லை. உணவுத் தள்ளுவண்டிச் சக்கரம் தடதடத்தால் கை எழும்பும். யாராவது தட்டை டொக்கென்று வைத்தால் எழும்பும். தாதிகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "பாக்சர், ரிலேக்ஸ்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். ராத்திரி விளக்கை அணைத்ததும் நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் படுத்துக்கொள்வேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆயர் ஈத்தாமில் பூச்சாடிக் கடை வைத்திருக்கும் ஒரு சீன அங்கிள். கீழே விழுந்து தலையில் அடி. மனிதர் எதையும் பொறுக்கமாட்டார். ஊசி குத்தினால் "சாக்கிட் லா!" என்பார். வலிக்குது லா! கஞ்சி சூடு, சாக்கிட். தலையணை தாழ்வு, சாக்கிட். ஓட்டைக் குடம் மாதிரி ஓயாமல் ஒழுகிக்கொண்டே இருப்பார். வார்டே அவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டது. ஆனால் ஒன்று பார்த்தேன். டாக்டர்கள் அவரிடம் வந்தால் நின்று கேட்டார்கள். என்னிடம் வந்தால், "ஓகே?" "ஓகே." நகர்ந்துவிடுவார்கள்.

வீட்டு மனிதர்கள் இல்லாவிட்டால் அந்த நாட்கள் என்னைத் தின்றிருக்கும். யோகேஸுக்கு சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடுப்பு முடிந்ததும் வேலை விட்டு நேரே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி, ஹெல்மெட்டோடு வார்டுக்கு வந்துவிடுவாள். வியர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருக்கும். பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் அவள் தங்கை ரசம் சாதம் குழைத்துக் கொடுத்தனுப்புவாள். தர்ஷினி என் மொட்டைத் தலையில் இருந்த உலோகத் தையல் வரிசையைப் பார்த்து, "அப்பா, ஜிப்பு மாதிரி இருக்கு" என்றாள். அரசு மருத்துவமனை என்பதால் கட்டணம் எங்களை மிரட்டவில்லை. அதற்காவது கும்பிடு போட வேண்டும்.

ரவி மச்சான் வருவார். உள்ளே வரமாட்டார். நடைவழியில் நின்றுகொண்டு, கோப்பி ஓ என்கிற பாலில்லாத ஐஸ் காப்பி கட்டிய பிளாஸ்டிக் பையைத் தங்கைக்காகப் பிடித்துக்கொண்டிருப்பார். யோகேஸ் அவரைத் தாண்டிப் போவாள், வாங்கமாட்டாள். ஐஸ் கரைந்து பையிலிருந்து தண்ணீர் சொட்டும். ஒருநாள் அவள் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம் அவர் கட்டிலருகே வந்தார்.

"மாப்ள."

"வாங்க மச்சான். உக்காருங்க."

உட்காரவில்லை. "அந்த நாலாவது ரவுண்டுல நீ எந்திரிச்ச பாரு. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? பாத்தியா, நான் சொல்லிக் குடுத்தது வேல செய்யுதுனு பக்கத்துல உள்ளவங்கிட்ட சொன்னேன்." அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "துண்ட தூக்கிப் போட்டு சண்டய நிறுத்தியிருக்கணும்டா. கையிலதான் வச்சிருந்தேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கலாம். எழுந்தவன் அவர் செய்த பொம்மைதானே. ஆனால் பெருமைப்பட்டது அவர் மட்டும் இல்லை. நானும்தான் அந்தப் பொம்மையை ஆசை ஆசையாக வளர்த்தேன்.

"நான் ஓகே மச்சான்" என்றேன். பேச்சு முடிவதற்குள் என் முஷ்டிகள் தாடைக்கு வந்துவிட்டன. அவர் அதைப் பார்த்தார். முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று முதல் ஜிம்மில் அந்தப் பயிற்சி இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் அறுவை மருத்துவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இனி குத்துச்சண்டை கிடையாது என்றார். அது தெரிந்ததுதான். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். வடித்த இடத்தில் ரத்தம் மறுபடி தேங்கலாம். சிலருக்கு அப்படி ஆகும். உடனே வந்தால் மறுபடி வடித்துவிடலாம், தாமதித்தால் முடியாமல் போகும்.

"வீட்ல ஸ்கேன் மெசின் இல்ல, குணா. ஒங்க வாய்தான் எங்களுக்கு மெசின். தலவலி, தூக்கம், கை கால்ல ஏதாச்சும் வித்தியாசம், எதுவா இருந்தாலும் சொல்லணும். சொல்வீங்களா?"

"போலே" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. யோகேஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் வீடு திரும்பும் வாடகைக் காரில். "ஒங்களுக்கு வாய் இருக்கு. அதுல வேற எவனோ இருக்கான்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் உயிர் போகும் விஷயம் ஒன்று குடிவந்துவிட்டது. நான் நலமாக இருக்கிறேன் என்று சொன்னால் அதை நம்ப ஆளில்லை. எனக்கே நம்பிக்கையில்லை. ஓகே என்று சொல்வது நானா, அவனா?

அவள் தினமும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். முன்கூட்டித் தயார் செய்ய முடியாத கேள்வி. நேற்று தர்ஷினி என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள்? மீன் குழம்பில் என்ன மீன்? சரியாகச் சொன்னால் அவள் தோள் இறங்கும். அன்றைக்கு நிம்மதியாக வேலைக்குப் போவாள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் அதற்கும் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். காலையில் எழுந்ததும் சட்டையின் நிறம், குழம்பின் மீன், வாசலில் நிற்கும் வண்டிகள் எல்லாம் மனப்பாடம். ஒருநாள் அவள் பல் தேய்த்துவிட்டு வரும்போது நான் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டாள்.

"என்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவ்வளவு களைத்துப்போன முகத்தை நான் பார்த்ததில்லை. "சரி. இனிமே நான் கேக்கல. கேட்டா நீங்க பாஸ் பண்ணிடுவீங்க. நீங்களா சொன்னாதான் உண்டு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போகும் முன் ஒரு நொடி நிற்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்கு நான் பயந்தேன்.

போன வாரம் ஒரு காலை. எழும்போதே தலை கனமாக இருந்தது. மழைக்காலம், சளி பிடித்திருக்கும் என்றான் வாய்க்குள் இருக்கிறவன். குளியலறைக்குப் போகும் வழியில் இடது கால் செருப்பு கழன்றது. மாட்டினேன். சமையலறையில் மறுபடி கழன்றது. செருப்பு பழசு என்றான் அவன். மூன்றாவது முறை கழன்றது எனக்குத் தெரியவேயில்லை. தர்ஷினிதான் எடுத்துவந்து காலடியில் போட்டுவிட்டுப் பள்ளி வேனுக்கு ஓடினாள்.

யோகேஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் கிளம்பியாக வேண்டும். அவள் திரும்பிப் பார்த்தாள், அந்த ஒரு நொடி.

"வர்றேங்க. ஓகேதானே?"

பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள். கேட்டதும் அவளுக்கே தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என் கைகள் மேலே வருவதை உணர்ந்தேன். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, ஓகே சொல்லத் தயாராக. கால் முன்னே போகப் பார்த்தது. நான் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூறு கிலோ உடம்பு தொப்பென்று சிமெண்டில் இறங்கியது. கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தேன்.

"என்னாங்க!"

"போகாத" என்றேன். "கால் சரியில்ல. செருப்பு கழலுது. ஏன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு யோகேஸ்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள்ளேயே அழுதுகொண்டு கைப்பேசியில் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். இத்தனை நாளில் அவள் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. "அண்ணே, காரை எடுத்துட்டு வா." ஸ்கேனில் ரத்தம் மறுபடி கொஞ்சம் தேங்கியிருந்தது. வடித்துவிட்டார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்று அதே டாக்டர் சொன்னார், இந்த முறை என்னிடம். இப்போது காலை அசைக்கிறேன். கையில் உறை மாட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் அங்கிள் இல்லை, வீட்டுக்குப் போய்விட்டாராம். ஊசி குத்தினால் நான் சாக்கிட் என்கிறேன். தாதிக்குச் சிரிப்பு.

ஆனால் அந்தக் காலையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கார் வரும் வரை இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் தலைக்குள் மச்சான் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. எட்டில் உடம்பு முழுக்க ஒருமுறை துடித்தது. யோகேஸ் என் இடது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நான் எழவில்லை. ஒன்பது கேட்டது. அப்புறம் முதல் முறையாகப் பத்தும் கேட்டது.

யாரும் மணி அடிக்கவில்லை.